அன்றைக்கு லூக்காவில் பரிமாறியவன்

பேய், பிசாசு, ஆவி, தேவதை என்று யாராவது வாயைத் திறந்தால் எனக்குச் சிரிப்புக்கூட வராது, அருவருப்புதான் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், சமையல்காரன், கூட்டத்தில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச வராதவன், அதனால் இந்த மாதிரிக் கதைகளையெல்லாம் நான் நம்புவேன் என்று மான்ட்ரியாலில் இருக்கும் நம் ஆட்கள் முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். நம்புகிறவர்கள் அவர்கள்தான். பெயருக்குப் பின்னால் வரிசையாகப் பட்டம் போட்டுக்கொள்ளும் டாக்டர் ஒருவர் புதுக் கார் வாங்கி, ஜனவரி மாதத்தில், முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் பழம் உறைந்து கல்லாகிவிட்டது. கார் ஏறியது, பழம் நசுங்கவில்லை, சக்கரம் வழுக்கிப் பக்கத்து வீட்டுக்காரன் வேலியில் போய் முட்டியது. மனுஷர் இறங்கிவந்து பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "நல்ல வேளை, எலுமிச்சம்பழம் வெச்சோம். இல்லேன்னா இன்னும் பெரிசா ஆகியிருக்கும்." இப்படிப்பட்டவர்கள் நடுவில் நான் பத்து வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியிருக்கிறேன்.

நீங்கள் லொங்குய்யிலிருந்து ஆற்றைத் தாண்டி வந்து, சோபாவில் சாய்ந்துகொண்டு, "உங்களுக்கு எப்பவாவது அப்படி ஏதாவது?" என்று கேட்டீர்கள். கேட்கும்போதே உங்கள் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது. இருக்கட்டும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் காபியைக் குடித்துவிட்டுப் போங்கள்.

ஆற்றுத் தீவுகளில் அந்தப் பெரிய உலகக் கண்காட்சி முடிந்த மறு வருஷம் நான் இங்கே வந்தேன். என்னைக் கூட்டிவந்தவர் டவுன்டவுனில் கல்லூரிப் பேராசிரியர், கட்டடம் கட்டுகிற படிப்பு சொல்லிக்கொடுப்பவர். நான் அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன், இப்போதும் சார் என்றே சொல்கிறேன். சாருக்கு ஒரு விரதம். யார் கையால் சமைத்தது என்று தெரியாமல் ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டார். சிகரெட் பிடிப்பார், விஸ்கி குடிப்பார், அதற்கெல்லாம் விரதத்தில் விதிவிலக்கு உண்டு. சோறு மட்டும் ஆசாரமாக இருக்க வேண்டும். மாமிக்கு, அதாவது சாரின் மனைவிக்கு, வெந்நீர் வைக்கவும் தெரியாது. அதனால் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து என்னைப் பார்சல் கட்டி எடுத்துவந்தார்கள்.

எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. விசாலத்தோடு நான் குடித்தனம் நடத்தியது ஒரு ஆடியிலிருந்து மறு ஆடி வரைகூட இல்லை. "நீ முன்னாடி வா சாமா, அவளை அடுத்த வருஷம் வரவழைச்சுடலாம்" என்று சார் சொன்னார். அடுத்த வருஷம் வந்தது. "இந்தக் குளிர் போகட்டும்டா" என்றார். மான்ட்ரியாலில் குளிர் போனால் உடனே அடுத்த குளிர் வருகிறது, இது உங்களுக்கே தெரியும். ஸ்பான்சர் லெட்டர் என்று ஒன்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கல்லூரியில் புத்தகம் புத்தகமாக எழுதுகிற மனுஷருக்கு அந்த ஒரு பக்கம் எழுத ஆறேழு வருஷமாகக் கை வரவில்லை. நான் கேட்கவும் மாட்டேன். கேட்க நினைத்து ஹாலுக்குப் போவேன், "என்னடா?" என்பார், "காபி வேணுமா சார்?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவேன். என் சுபாவம் அப்படி.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடையில் சாரை இத்தாலியில் பாடம் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். ஒரு மாதம். கல்லூரி, சாய்ந்த கோபுரம் இருக்கிற ஊரில். ஆனால் சார் தங்கியது பக்கத்தில் லூக்கா என்ற பழைய நகரத்தில், ஏனென்றால் அதுதான் "கறை படாத பழமை" என்று எங்கோ படித்திருந்தார். விரதக்காரர் இத்தாலிக்குப் போனால் சமையல்காரனும் போக வேண்டும் அல்லவா? ஒரு பெட்டி நிறையப் புளி, மிளகாய், ரசப்பொடி, பெருங்காயத்தோடு நானும் போனேன். விமான நிலையத்தில் அதிகாரி பெட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் போனான். சார் எனக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புறப்படும் முன்னாலேயே சொல்லிவிட்டார். "அந்த ஊர்ப் பெரிய மனுஷாளை ஆத்துக்குச் சாப்பிடக் கூப்பிடப் போறேன். அவா மனசு வெச்சா வருஷா வருஷம் என்னைக் கூப்பிடுவா. அந்தச் சாப்பாடு நன்னா நடக்கட்டும், திரும்பி வந்த மறுநாள் விசாலத்துக்கு லெட்டர். இது சத்தியம்."

"சரி சார்."

"சொதப்பினேன்னு வெச்சுக்கோ, அவளை இங்க வரவழைக்கிற சிரமமே வேண்டாம். உன்னை அங்க அனுப்பிடறேன்."

சொல்லிவிட்டு மாமியைப் பார்த்துக் கண்ணடித்தார். மாமி சிரித்தாள். எனக்கு அது சிரிப்பாக இல்லை, ஏனென்றால் சார் தமாஷாகச் சொல்வதைத்தான் செய்வார்.

லூக்காவைப் பற்றிச் சொல்கிறேன். எல்லோரும் வாயைப் பிளக்கிற ஊர். ஊரைச் சுற்றி ஒரு மதில், அதன் மேலே ரதம் போகிற அகலத்துக்குப் பாதை, இரண்டு பக்கமும் மரம். எதிரிக்காக இவ்வளவு பெரிய மதில் கட்டினார்களாம், கட்டி முடித்த பிறகு ஒரு எதிரியும் வரவில்லையாம். ஒரு தடவை வெள்ளம் வந்ததாம், அதைத் தடுத்ததாம். இதை ஒரு பெருமை என்று எங்களுக்கு ஊர் சுற்றிக்காட்டிய அம்மாள் இங்கிலீஷில் சொல்ல, சார் அதை மாமிக்குத் தமிழில் சொல்ல, நான் பின்னால் குடையும் தண்ணீரும் தூக்கிக்கொண்டு கேட்டபடி நடந்தேன். அப்புறம் ஒரு செங்கல் கோபுரம், உச்சியில் மரங்கள் வளர்ந்திருக்கின்றன. நம் ஊரில் கோபுரத்தில் அரசங்கன்று முளைத்தால் தர்மகர்த்தாவுக்கு மானம் போய்விடும், ஆளை ஏற்றி வெட்டச் சொல்வார்கள். இவன் அதற்கு டிக்கெட் போட்டுக் காட்டுகிறான். சார் மூச்சு வாங்க ஏறிப் போய் அந்த மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்தது ஒரு சதுக்கம். சதுக்கம் என்று சொல்லக்கூடாது, முட்டையை நீளவாக்கில் வெட்டி வைத்தது போன்ற வடிவம். ரோமாபுரி ராஜாக்கள் காலத்தில் அங்கே மனிதனையும் மிருகத்தையும் மோதவிட்டு வேடிக்கை பார்த்தார்களாம். அந்தச் சுவர் மேலேயே வளைத்து வீடு கட்டிக்கொண்டு ஜன்னலில் உள்பாவாடை காயப்போட்டிருக்கிறார்கள். அந்த முட்டைக்குள் நுழைய நாலு வாசல், நாலும் ஒரே மாதிரி. அப்போது எனக்கு அது முக்கியமாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு கோவில். உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டி, அதில் ஒரு பெண்ணின் உடல். பொம்மை இல்லை, உண்மையான உடல். காய்ந்த நார்த்தங்காய் நிறத்தில் முகம், பட்டு உடுத்தி, தலையில் பூ வைத்துப் படுக்கவைத்திருந்தார்கள். எழுநூறு வருஷம் ஆயிற்றாம், மண்ணில் மக்கவில்லையாம். அவள் அந்த ஊரில் ஒரு பணக்காரர் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவளாம், சமையலறை வேலை. ஒருநாள் கோவிலில் கண்ணை மூடி உட்கார்ந்தவள் நேரத்தை மறந்துவிட்டாளாம். ரொட்டி சுட வேண்டிய வேளை தாண்டிவிட்டது, எஜமானி அடிப்பாள் என்று ஓடிவந்து பார்த்தால், ரொட்டி சுட்டு அடுக்கி வைத்திருந்ததாம். தேவதைகள் இறங்கிவந்து சுட்டார்களாம். அதனால் அவள் புனிதை, உலகத்து வேலைக்காரர்களுக்கெல்லாம் அவள்தான் காவல்.

மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சார் என்னைப் பார்த்து, "உங்க ஆளுடா சாமா, நன்னா சேவிச்சுக்கோ" என்றார்.

எனக்கு ஏனோ அன்றைக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. உயிரோடு இருந்தபோது அடித்திருக்கிறார்கள், செத்த பிறகு கண்ணாடிப் பெட்டியில் வைத்து டிக்கெட் போடாத குறையாகக் காட்டுகிறார்கள், அதையும் ஒரு எஜமானன் என்னைச் சேவிக்கச் சொல்கிறான். நான் சாதாரணமாக வாயைத் திறக்காதவன், அன்றைக்கு அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று தமிழில், சன்னமாக, ஆனால் வாய்விட்டே சொன்னேன். "தேவதைக்கெல்லாம் வேற வேலை இல்லையா? அடுப்படிக்கு வந்து மாவு பிசையறாளாக்கும். நாளைக்கு நம்மாத்துல விருந்து, வந்து பருப்பை வேகவைக்கச் சொல்லுங்கோ பார்ப்போம்."

மாமி களுக்கென்று சிரித்துவிட்டாள். கோவிலுக்குள் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். இடி இடிக்கவில்லை, விளக்கு அணையவில்லை. வெளியே வந்து மாமி ஒரு ரொட்டி வாங்கிக் கடித்துப் பார்த்துவிட்டு, "ஐயே, உப்பே இல்லை" என்று என் கையில் கொடுத்தாள். அந்தப் பக்கத்து ரொட்டியில் உப்புப் போடுகிற வழக்கமே இல்லையாம். அதையும் ஒரு பெருமையாகச் சொன்னாள் ஊர் காட்டிய அம்மாள். உப்புப் போட மறந்தால் எங்கள் வீட்டில் தட்டு பறக்கும், இங்கே அதற்கு எழுநூறு வருஷப் பாரம்பரியம் என்று பெயர்.

மறுநாள் விருந்து. காலையிலேயே எழுந்து எல்லாவற்றையும் எடுத்துவைத்தேன். காய் நறுக்கியாயிற்று, பருப்பு ஊறுகிறது, அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை. மோர்க்குழம்புக்குத் தயிரை எடுத்தால் கெட்டுப்போய் நாறுகிறது. வீட்டில் வேறு தயிர் இல்லை. மாமியிடம் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். கடை பக்கத்தில்தான். தயிர் கிடைத்தது, நம் தயிர் மாதிரி இல்லை, ஆனாலும் தயிர். திரும்பும்போது சுருக்கு வழி என்று அந்த முட்டைச் சதுக்கத்துக்குள் நுழைந்தேன். நுழைந்து, வெளியே வந்தேன். வந்தது வேறு வாசல்.

தெரியாத தெரு. திரும்ப உள்ளே போய் அடுத்த வாசலில் வந்தேன். அதுவும் தெரியாத தெரு. அதில் கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம் என்று போனேன், அங்கே ஒரு சந்து, அந்தச் சந்துக்குள் இன்னொரு சந்து. மரம் முளைத்த கோபுரத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு, ஆனால் அந்தச் சந்துகளில் நின்று அண்ணாந்தால் ஒரு முழம் வானம்தான் தெரிகிறது, கோபுரம் தெரியவில்லை. இதற்குள் உச்சி வேளை. அந்த ஊரில் உச்சி வேளையில் கடையை அடைத்து, ஜன்னல் பலகையை இழுத்து மூடிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். ஒரு மனித முகம் இல்லை. உச்சிப் பொழுதில் முனி நடக்கும், வெளியே போகாதே என்று நம் ஊரில் பயமுறுத்துவார்களே, அது எனக்கு நினைவு வந்தது, காறித் துப்பினேன். முனி வந்தால்கூட வழி கேட்டிருப்பேன், அந்த நிலைமை. மனிதர்கள் இருந்தால் மட்டும் கேட்டிருப்பேனா என்று கேட்காதீர்கள். பாஷையும் தெரியாது, வாயும் வராது.

மதில் மேல் ஏறினால் கோபுரம் தெரியும் என்று ஏறினேன். தெரிந்தது. அதைக் குறிவைத்து இறங்கினேன், இறங்கியதும் மறைந்துவிட்டது. மறுபடி ஏறினேன். மதிலைச் சுற்றியே நடந்தேன். தயிர்ப் பாத்திரம் கையில் சூடேறிக்கொண்டிருந்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. நான் கோபுரத்தையோ மதிலையோ நினைக்கவில்லை. விசாலம் ஊர் ஸ்டேஷனில் என்னை வழியனுப்ப வந்தபோது அழுதுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாளே, அந்த உதட்டைத்தான் நினைத்தேன். விருந்தாளிகள் இந்நேரம் வந்து உட்கார்ந்திருப்பார்கள். மேஜையில் ஒன்றுமில்லை. சார் சிரித்துக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டே, இன்னொரு கிளாஸ் ஊற்றிக்கொண்டிருப்பார். லெட்டர் போயிற்று. நானும் போனேன்.

எப்படியோ, எந்தத் தெரு என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது, வீட்டுக்கு எதிரே வந்து நின்றேன். வெயில் சாய்ந்துவிட்டது. மேலேயிருந்து சிரிப்புச் சத்தம். திட்டு விழும் என்று காத்திருப்பவனுக்குச் சிரிப்பு கேட்டால் இன்னும் பயமாக இருக்கும். முன் படியில் ஏற தைரியம் இல்லாமல், பின் படி வழியாக நேரே சமையலறைக்குள் போனேன்.

பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அடுப்பு சூடாக இருந்தது. தாளித்த கடுகு வாசனை.

நான் அப்படியே நின்றேன். தயிரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. அப்போது சார் உள்ளே வந்தார், முகமெல்லாம் சிவப்பு, சந்தோஷச் சிவப்பு.

"சாமா! அமர்க்களம் பண்ணிட்டேடா! அந்தக் கிழவன் மோர்க்குழம்பை மூணு தரம் வாங்கிக் குடிச்சான்டா, சூப்புன்னு நெனச்சுண்டு! அடுத்த வருஷமும் வரணும்னு அவனே சொல்லிட்டான்." என் தோளில் தட்டப்போனவர் கையை இழுத்துக்கொண்டார். "என்னடா இது, சட்டையெல்லாம் தொப்பலா நனஞ்சிருக்கு? இப்பதானே காபித் தட்டை வெச்சுட்டு உள்ள போனே?"

"ஆமா சார்" என்றேன்.

மாமியும் எட்டிப் பார்த்தாள். "இன்னிக்கு எவ்வளவு சிரிச்ச முகமா இருந்தே சாமா! எல்லாரையும் பார்த்துப் பார்த்துப் பரிமாறினே. எப்பவும் இப்படியே இருந்தா என்ன, குறைஞ்சா போயிடுவே?"

அவர்கள் இருவரும் விருந்தாளிகளிடம் திரும்பிப் போன பிறகு மோர்க்குழம்பு மீதியைத் தொட்டு நாக்கில் வைத்தேன். தயிர் என் கையில் இருந்தது, பிரிக்காமல். அப்படியானால் இது எதில் செய்தது? பக்குவம் என் பக்குவம். சீரகம் அரைத்துவிட்ட விதம் என் விதம். ஆனால் உப்பு இல்லை. ஒரு கல் உப்பு இல்லை. ரசத்தைத் தொட்டேன், கறியைத் தொட்டேன், சோற்றைத் தொட்டேன். எதிலும் இல்லை. ஒரு சிட்டிகை குறைந்தால் தட்டை நகர்த்துகிற மனுஷர் அன்றைக்கு ஏப்பம் விட்டபடி, "உப்பு கச்சிதம்" என்று விருந்தாளிகளிடம் என்னைப் புகழ்ந்துகொண்டிருப்பது எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

நீங்கள் என்ன யோசிக்கிறீர்கள் என்று தெரியும். வெயில், மயக்கம், நீயே சமைத்துவிட்டு மறந்திருப்பாய். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன், ஏனென்றால் எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை இல்லை. ஆனால் என் கால் இரண்டும் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது. வீட்டுக்குள் நின்று சமைத்தவன் கால் அப்படி வீங்காது. மாமி சமைத்தாளா என்றால், அதை நம்புவதற்குத் தேவதையையே நம்பிவிடலாம்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தக் கோவில் பக்கம் மறுபடி போகவும் இல்லை. மான்ட்ரியால் திரும்பினோம், வாழ்க்கையில் முதல் தடவையாக சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், லெட்டர் எழுதினார். அடுத்த குளிர்காலத்தில் விசாலம் வந்து இறங்கினாள். பனியைப் பார்த்து, "ஏன்னா, இவ்வளவு உப்பையும் யாரு கொட்டினா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன், ஆனால் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததும் லூக்கா மோர்க்குழம்பு நினைவுக்கு வந்தது.

நாங்கள் தனியாக பார்க் எக்ஸ்டென்ஷனில் இரண்டு அறையில் குடிபோனோம். நான் டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் சேர்ந்தேன். சார் விட்டுவிடுவாரா? ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களைக் கூப்பிட்டு, மத்தியானமே திரைச்சீலையை இழுத்துவிட்டு, இத்தாலியில் எடுத்த படங்களைச் சின்னச் சின்ன ஃபிலிம் துண்டாக மெஷினில் சொருகிச் சுவரில் ஸ்லைடு காட்டுவார். அதற்கு பஜ்ஜி போட நான் வேண்டும். ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போய் பஜ்ஜி போடுவேன். அவர் ஒவ்வொரு தடவையும் அதே மதில், அதே வெள்ளம், அதே ரோமாபுரி என்று அதே வார்த்தைகளில் சொல்லுவார். கேட்கிறவர்கள் இருட்டில் பஜ்ஜியை மென்றுகொண்டே தூங்குவார்கள், விளக்குப் போட்டதும் "அற்புதம்" என்பார்கள். நான் எண்ணெய்ச் சட்டியை விட்டு நகர்ந்ததில்லை, ஒரு படத்தையும் பார்த்ததில்லை.

விசாலம் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிப்போனேன். மாமி அன்றைக்கு என்ன நினைத்தாளோ, "இன்னிக்குப் போதும் சாமா, நீயும் அவ பக்கத்துல உக்காந்து பாரு" என்றாள். உட்கார்ந்தோம். மதில் வந்தது, கோபுரம் வந்தது, முட்டைச் சதுக்கம் வந்தது. அப்புறம் விருந்து.

மேஜையைச் சுற்றி அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள். நடுவில் மாமி, பட்டுப் புடவையில். மாமி பக்கத்தில் குனிந்து, கரண்டியோடு, தோளில் துண்டோடு, நான்.

நான்தான். என் நீலச் சட்டை. என் முன் வழுக்கை. ஆனால் அந்த முகம் கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. என் கல்யாணப் போட்டோவிலேயே நான் தரையைத்தான் பார்த்திருப்பேன்.

"பாருங்கோ, நம்ம சாமா! சினிமா ஹீரோ மாதிரி இல்லை?" என்றார் சார். எல்லோரும் சிரித்தார்கள்.

விசாலம் சிரிக்கவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "ஏன்னா, யாரு இது, உங்க சட்டையைப் போட்டுண்டு?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், கொஞ்சம் சத்தமாகவே, "இடது கையால பரிமாறறாளே!" என்றாள்.

எல்லோரும் பார்த்தார்கள். ஆமாம், கரண்டி இடது கையில். இத்தனை தடவை இந்தப் படத்தைப் பார்த்த இத்தனை பேரில் ஒருவன் கண்ணிலும் அது படவில்லை. நான் பிறந்ததிலிருந்து வலது கைக்காரன். நம் வீட்டில் இடது கையால் பரிமாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டத்தில் ஒரு இன்ஜினியர் இருந்தார், அவருக்கு எல்லாவற்றுக்கும் விடை தெரியும். "ஸ்லைடைத் திருப்பிப் போட்டுட்டேள் சார். வலது இடதா தெரியறது. அவ்வளவுதான்." எல்லோரும் மூச்சு விட்டார்கள். எனக்கும் உயிர் வந்தது. சார் அதை எடுத்துத் திருப்பிப் போட்டார். இப்போது கரண்டி வலது கைக்கு வந்துவிட்டது.

"அட, பாருங்கோ! மாமி குஜராத்தி ஆயிட்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

மாமியின் புடவைத் தலைப்பு வலது தோளில் கிடந்தது. மாமி ஜன்மத்தில் இடது தோளைத் தவிர வேறெங்கும் தலைப்புப் போட்டதில்லை. வீடே இடிந்துவிழுகிற மாதிரிச் சிரித்தார்கள். "சரி சரி, முன்னாடி இருந்ததுதான் சரி" என்று சார் மறுபடி திருப்பினார். மாமியின் தலைப்பு இடது தோளுக்கு வந்தது. கரண்டியும் இடது கைக்கு வந்தது. அதை அவர்கள் யாரும் கவனிக்கவில்லை. இன்ஜினியர்கூட மாமியைக் கேலி பண்ணுவதில் மும்முரமாக இருந்தார். கட்டக் என்று சத்தம், அடுத்த படம், சாய்ந்த கோபுரம், அதைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி சார்.

இருட்டில் விசாலம் என் மடியில் துழாவி என் வலது கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

யார் கையால் சமைத்தது என்று தெரியாமல் சாப்பிடமாட்டேன் என்று கடல் தாண்டிக் கண்டம் தாண்டி ஒரு சமையல்காரனை இழுத்துக்கொண்டு திரிந்த மனுஷர், அன்றைக்கு யார் கையால் சாப்பிட்டார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. சப்பென்ற சோற்றை, இடது கையால் போட்டதை, கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போன மாதம்கூட மெட்ரோவில் பார்த்தபோது, "லூக்கால பண்ணினியே ஒரு மோர்க்குழம்பு, அது மாதிரி அப்புறம் ஒரு நாளும் நீ பண்ணலைடா" என்றார். "ஆமா சார்" என்றேன்.

எனக்கு இன்றைக்கும் இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. விசாலம் இங்கே என் பக்கத்தில் இருப்பதே அந்த ஒரு வேளைச் சாப்பாட்டால்தான் என்பது வேறு விஷயம். அவளிடம் நான் விவரம் எதுவும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. ஆனால் நீங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போகப் போகிறீர்கள், அப்போது கவனித்துப் பாருங்கள். நான் கரண்டியை எடுத்ததும் அவள் கண் என் முகத்துக்கு வராது. முதலில் என் கைக்குத்தான் போகும். எந்தக் கை என்று பார்த்த பிறகுதான் தட்டை நீட்டுவாள்.